மூன்று நிறமும் விழுந்த இடம்

கீழப்பனையூரில் கல்யாணத்துக்கு யாராவது நிபந்தனை சொன்னால் தரையில் ஒரு கோடு விழும். கோட்டுக்கு ஒரு பக்கம் நிறம் படியும். நிறம் படிந்த பக்கத்தில்தான் புது ஜோடி குடியிருக்கலாம். மூன்று பேர் நிபந்தனை சொன்னால் மூன்று கோடு, மூன்று நிறம். மூன்றும் எங்கே ஒன்றாக விழுகிறதோ அங்கே அடுப்பைப் போட்டுப் பால் காய்ச்சுவார்கள். சரியான இடமென்றால் பால் பொங்கும். தப்பான இடமென்றால் விறகு முழுக்க எரிந்தாலும் பால் மரியாதையாகச் சட்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

ஊருக்கு நடுவில் அடிகுழாய் ஒன்று. அதிலிருந்து கிழக்கே போகப் போக ஒன்று, இரண்டு, மூன்று என்று தெருக்கள். வடக்கே போனாலும் அப்படித்தான். தெருவுக்கெல்லாம் பேர் வைக்க யாருக்கும் நேரம் இருந்ததில்லை. "கிழக்கே ரெண்டு, வடக்கே அஞ்சு" என்று சொன்னால் போதும், தபால்காரர் அந்த இரண்டு தெருவும் வெட்டிக்கொள்கிற முக்கில் போய் நின்று மணியடிப்பார்.

கோட்டுக்கு எந்தப் பக்கம் நிறம் படிய வேண்டும் என்பதையும் அடிகுழாய்தான் சொல்லும். நிபந்தனை சொன்னவர் கைப்பிடியை ஒரு அடி அடிக்க வேண்டும். குழாய் நிற்கிற இடத்துக்கு அந்த நிபந்தனை ஒத்துவந்தால் தண்ணீர் வரும். நிறம் குழாய்ப் பக்கம் படியும். ஒத்துவராவிட்டால் வெறும் காற்று வரும். நிறம் எதிர்ப்பக்கம் போய்விடும். எப்போதாவது கோடே குழாய் வழியாகப் போனால் குழாய்க்கு வாய் அடைத்துக்கொள்ளும். அப்போது பக்கத்து டீக்கடை பாய்லரைக் கேட்பார்கள்.

வடிவுக்குக் கல்யாணம் கூடிவந்தபோது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கடலைமிட்டாய் கம்பெனியில் பாகு கிண்டுகிறவள். மாப்பிள்ளை உலகநாதன், மைக்செட் வைத்திருந்தான். கம்பெனி ஆயுத பூசைக்கு ஒலிபெருக்கிக் குழாய் கட்ட வந்தவன், மைக்கை வாயருகே வைத்து "ஒன், டூ" என்று சொல்லிவிட்டு, மூன்றுக்குப் பதிலாக "வடிவு" என்று சொல்லிவிட்டான். நாலு திசையிலும் குழாய் கட்டியிருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு பேசி முடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டிக்கொள்கிறவர்கள் நிபந்தனை சொல்லக்கூடாது. மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணின் அண்ணன், அண்ணன் பெண்டாட்டி, இந்த மூன்று பேர்தான் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்த ஜோடியின் மேல் யாருக்கும் பிரியமில்லை என்று ஆகிவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டீ குடித்த கையோடு எல்லாரும் குழாயடியில் கூடினார்கள். புதன்கிழமை பந்தக்கால். அதற்குள் பால் பொங்கிவிட வேண்டும். பொங்காவிட்டால் நிறமெல்லாம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்துவிடும். ஒரு தடவை உதிர்ந்த ஜோடிக்கு மறுபடியும் கோடு விழாது.

முதலில் உலகநாதனின் அம்மா கோமதியம்மாள் முன்னால் வந்தாள். அவள் வீடு குழாயை ஒட்டித்தான். கையில் ஒரு தூக்குவாளி.

"எம் பிள்ளைக்கு நான் தெனமும் ரசம் கொண்டு போவேன். இங்கேருந்து ஏழு தெரு நடக்கிற வரைக்கும் அதுல சூடு நிக்கும். கிழக்க எத்தனையோ போங்க, வடக்க எத்தனையோ போங்க. ரெண்டையும் கூட்டினா ஏழுக்கு மேல வரப்படாது. ஏழு வரலாம். எட்டு வந்தா அது ரசமில்ல, புளித்தண்ணி."

கிழக்கே ஏழாம் தெருவிலிருந்து வடக்கே ஏழாம் தெருவுக்கு, சரிவாக, கூரை, மாட்டுக்கொட்டகை என்று எதையும் பார்க்காமல் ஒரு கோடு போய் விழுந்தது. கம்பி இழுத்த மாதிரி முழுக்கோடு. கைப்பிடியை அடித்தாள். தண்ணீர் வந்தது. குழாய்ப் பக்கம் முழுக்க மஞ்சள் படிந்தது. டீக்கடை மாஸ்டர் பாலும் மஞ்சளாகிவிட்டதே என்று சட்டியை மூடினார்.

அடுத்தது பேச்சி. வடிவின் மதினி.

"ஐப்பசி பொறந்துட்டா தெக்குத் தெருவுல அரிசிப்பானை மிதக்கும். வடக்க மூணாம் தெருவுலதான் மேடு ஆரம்பிக்குது. மூணாம் தெரு ஆகலாம், அதுக்கு வடக்கயும் ஆகலாம். தெக்க வேண்டாம். எங்க நாத்தனா கால் நனையக்கூடாது" என்றாள்.

மூன்றாம் தெருவோடு கிழக்கு மேற்காக ஒரு கோடு. அதுவும் முழுக்கோடு. பேச்சி குழாயை அடித்தாள். புஸ்ஸென்று காற்று வந்தது. எதிர்ப்பக்கம், வடக்கே, சொட்டு நீலம் போட்ட மாதிரி நீலம் படிந்தது. மஞ்சளும் நீலமும் சேர்ந்த இடமெல்லாம் பச்சை. பச்சை நிறையவே இருந்தது. வடிவு உலகநாதனைப் பார்த்தாள். அவன் அந்தப் பச்சையில் ஒரு முருங்கை மரத்தை நட்டு, காய் பறித்துக்கொண்டிருந்தான். மனசுக்குள்தான்.

கடைசியாக அண்ணன் மாசானம். லாரி செட்டில் தார்ப்பாய் தைக்கிறவர். தார்ப்பாய் மாதிரியே அகலமான ஆள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்ம வீடு கிழக்க ஆறாம் தெருவுல இருக்கு. இவ குடியிருக்கிற எடத்துலருந்து அண்ணேன்னு ஒரு சத்தம் குடுத்தா எனக்குக் கேக்கணும். நாலாம் தெருவரைக்கும் எனக்குக் கேக்கும். அதுக்கு மேற்க போயிட்டா கேக்காது. அதனால நாலாம் தெரு, இல்ல அதுக்குக் கிழக்க..." என்று சொல்லி நிறுத்தினார். "அது... அவ இஷ்டம்தான். இருந்தாலும்... சரி, அப்படித்தான் வச்சுக்கிடுங்க."

நாலாம் தெருவோடு தெற்கு வடக்காகக் கோடு விழுந்தது. ஆனால் விட்டு விட்டு விழுந்தது. ஒரு சாண் கோடு, ஒரு சாண் வெற்றிடம், மறுபடி ஒரு சாண் கோடு. தார்ப்பாய்க்கு ஓட்டுத் தையல் போட்ட மாதிரி. குழாயில் காற்று வந்தது. கிழக்குப் பக்கம் ரோஸ் படிந்தது.

முழுக்கோட்டின் மேல் நிற்கலாம், படுக்கலாம், குடித்தனமே நடத்தலாம். கோடும் அந்த நிறத்தில் சேர்த்திதான். விட்டு விட்டு விழுந்த கோடு சேர்த்தியில்லை. அதன் மேல் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போய்விடும். அரை மனசாகச் சொன்ன வார்த்தைக்கு அப்படித்தான் விழும். மாசானம் தலையைக் குனிந்துகொண்டு தன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் போடுகிற பீர் முகமது பாய்தான் ஊரில் நிறம் பார்க்கிறவர். தொட்டி உச்சியிலிருந்து பார்த்தால் தெருக்களெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். பாய் ஏணியில் ஏறி, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்.

"பாய், எங்கன விழுந்திருக்கு?" என்று உலகநாதன் கீழேயிருந்து கேட்டான்.

"பச்சை நெறைய இருக்குப்பா. ஆனா எல்லாம் நாலாம் தெருவுக்கு மேற்க. ரோஸ் நெறைய இருக்கு. அதுல பாதி ரசத்துக்கு அந்தாண்ட, பாதி வெள்ளத்துக்கு இந்தாண்ட. மூணும் சேந்தா கருப்பட்டி நெறம் வரணுமே, அதத்தான் தேடுறேன்."

"நல்லாப் பாருங்க பாய்" என்றாள் வடிவு.

"பாக்குறேன் தங்கச்சி. கிழக்க நாலு, வடக்க மூணு. நாலும் மூணும் ஏழு, ரசம் சரி. மூணாம் தெரு, வெள்ளம் சரி. நாலாம் தெரு, உங்க அண்ணன் காதும் சரி. மூணு கோடும் அங்க வந்துதான் முட்டிக்கிது. ஒரே ஒரு புள்ளி. வேற எங்கயும் ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் புள்ளி மாசானம் கோட்டு மேல இருக்கு. அந்தக் கோடுதான் ஓட்டையா இருக்கே. அடுப்பு பொத்துக்கிட்டு உள்ள போயிரும்."

இருந்தாலும் பார்த்துவிடலாம் என்று அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். முதலில் கிழக்கே இரண்டு, வடக்கே நாலு. ரசமும் வெள்ளமும் ஒத்துவந்தன, அண்ணன் ஒத்துவரவில்லை. பால் முக்கால்வாசி சுட்டு ஆடை கட்டியது, மேலே எழும்பவில்லை. அடுத்து கிழக்கே ஐந்து, வடக்கே மூன்று. இங்கே அண்ணன் ஒத்துவந்தார், ரசம் ஒத்துவரவில்லை. மறுபடி ஆடைதான். கடைசியாக அந்த நாலு மூன்று முக்கு. அடுப்பின் ஒரு கால் கோட்டின் சந்துக்குள் இறங்கிச் சாய்ந்தது. பேச்சி முட்டுக்கொடுத்தாள். பால் விளிம்பு வரை வந்து, தெருவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு, கீழே இறங்கிக்கொண்டது.

வடிவு பாகு கிண்டிக் கிண்டி எத்தனையோ பதம் பார்த்தவள். அந்தப் பால் இறங்கினதை அவளால் பார்க்க முடியவில்லை. முந்தானையால் சட்டியை இறக்கி வைத்தாள்.

"இப்ப என்ன செய்ய?" என்றான் உலகநாதன்.

"நீ ஒன் டூ சொன்னதோட நிறுத்தியிருக்கணும்" என்றாள் வடிவு. ஆனால் அவன் கையிலிருந்த விசிறியை வாங்கி அவனுக்குத்தான் வீசிவிட்டாள்.

மறுநாள் கோமதியம்மாள் மாசானத்தின் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"தம்பி, அந்த நாலை மூணாக்கிருங்க. மூணாக்கினா மூணு மூலையா ஒரு இடம் கெடைக்கும். வீடு கட்டலாம், தொழுவம் போடலாம். எம் பிள்ளை முருங்கை வேற நடணும்ங்கிறான்."

"மூணு என்னங்க, ஒண்ணுன்னுகூடச் சொல்றேன்" என்று மாசானம் உடனே எழுந்து போய்க் குழாயடியில் நின்று, "மூணு" என்றார். கோடு விழவில்லை. "ரெண்டு" என்றார். விழவில்லை. உண்மையில் அவர் காது நாலாம் தெருவரைக்கும்தான் கேட்கும். கோட்டுக்கு அது தெரியும். "எனக்கு நிபந்தனையே வேண்டாம்" என்று சொல்லிப் பார்த்தார். பழைய கோடு அப்படியே கிடந்தது. இன்னும் கொஞ்சம் இற்றுப்போன மாதிரிகூட இருந்தது.

கோமதியம்மாள் தன் பங்குக்கு வாளியைச் சுற்றி இரண்டு துண்டைக் கட்டி எட்டாம் தெருவுக்கு நடந்து பார்த்தாள். துண்டு சூடாக இருந்தது. ரசம் ஆறிப்போயிருந்தது. அவள் கோடும் அசையவில்லை.

சாயங்காலம் உலகநாதனுக்கு ஒரு யோசனை வந்தது. குழாயடியில் மைக்செட்டைக் கட்டினான். மாசானத்தின் கையில் மைக்கைக் கொடுத்தான்.

"மச்சான், அதே வார்த்தையைத் திரும்பச் சொல்லுங்க. சத்தமாச் சொன்னா கோடு அழுத்தமா விழும்."

"நாலாம் தெரு" என்றார் மாசானம். ஊரே அதிர்ந்தது. கோடு கை மொத்தத்துக்குப் பருத்துவிட்டது. கூடவே நடுவில் இருந்த சந்துகளும் பெரிதாகிவிட்டன. வேடிக்கை பார்க்க வந்த இரண்டு கோழிகள் உள்ளே விழுந்துவிட்டன. உள்ளேயிருந்து கொக்கரிக்கிற சத்தம் கேட்டது.

"மாப்பிள்ளை, இதக் கழட்டிக் கொண்டு போங்க" என்றாள் பேச்சி. "இந்த மனுசனுக்கு மைக்கா குறைச்சல்? என்னயப் பொண்ணு பாக்க வந்தன்னைக்கும் இப்படித்தான். புடிச்சிருக்கான்னு கேட்டா, காப்பி நல்லாருக்குன்னாரு."

செவ்வாய்க்கிழமை நிறமெல்லாம் விளிம்பில் லேசாக வெளுக்கத் தொடங்கியது. வடிவு கம்பெனிக்குப் போகவில்லை. நேரே லாரி செட்டுக்குப் போனாள். மாசானம் ஒரு பெரிய தார்ப்பாயை விரித்துப் போட்டு நடுவில் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தார். அவள் வந்ததைப் பார்த்தும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வடிவு எதிரே உட்கார்ந்து தார்ப்பாயின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயசிலிருந்து அவள் அப்படித்தான் பிடித்துக்கொடுப்பாள்.

"சாப்டியா?" என்றார் மாசானம்.

"சாப்ட்டேன். அண்ணே, உன் வார்த்தை ஏன் பாதியில அந்துபோச்சு?"

"எது?"

"எதுவா? ரெண்டு கோழி உள்ள கெடந்து கத்துது, எதுன்னு கேக்க."

மாசானம் இரண்டு தையல் போட்டார். மூன்றாவது தையலில் நூல் சிக்கிக்கொண்டது.

"கட்டிக்கிட்டுப் போற பிள்ளைய இழுத்துப் புடிக்கலாமா வடிவு? நீ என் பக்கத்துலயே இருக்கணும்னு சொன்னா, உன்னய முளைக்குச்சியில கட்டிப்போட்ட மாதிரி. எங்க வேணும்னாலும் போன்னு சொல்லணும்னுதான் வந்தேன். வாய் வரல. இருன்னு சொல்லவும் கூச்சமா இருக்கு. அம்புட்டுப் பேரு நிக்காக."

"அதனால பாதியச் சொல்லிப் பாதிய முழுங்கிட்ட."

"ஆமா."

வடிவு தார்ப்பாயைக் கீழே போட்டுவிட்டு, தன் பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அம்மா போனப்பறம் எனக்கு யாரு தலை பின்னி விட்டது?"

"நாந்தான். வேற யாரு இருந்தா?"

"எப்படிப் பின்னுவ? கண்ணு ரெண்டும் காதுகிட்டப் போயிரும். பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளையும் என்னயப் பாத்து, ஏண்டி எப்பவும் ஆச்சரியப்பட்ட மாதிரியே முழிக்கன்னு கேக்கும். தார்ப்பாய் தைக்கிற கை. சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி அவிழாது. நான் ஒரு நாளாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கேனா?"

"இல்ல."

"வலிச்சுச்சு. ஆனா அவுந்த தலையோட போற பிள்ளைகளப் பாக்கும்போது, எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்னு இருக்கும். அந்த மாதிரி சொல்லு. இழுத்துச் சொல்லு."

"வலிக்குமே."

"வலிக்கட்டும்ண்ணே. நீ கூச்சப்பட்டா எனக்குக் குடியிருக்க இடமில்ல."

மாசானம் ஊசியைத் தார்ப்பாயில் குத்தி நிறுத்தினார். எழுந்து நின்றார். லாரி செட்டில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. வடிவின் பின்னலையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வடிவு எம் பக்கத்துலதான் இருக்கணும். நாலாம் தெருவுல இருக்கட்டும், இல்ல அதுக்குக் கிழக்க இருக்கட்டும். மேற்க ஒரு அடி எடுத்து வைக்கப்படாது. வச்சான்னா நான் சோறு திங்க மாட்டேன். அவ கூப்பிட்டா எனக்குக் கேக்கணும். கேக்காம என்னால இருக்க முடியாது. எனக்கு வேணும். அவ்வளவுதான்."

சொல்லி முடித்ததும் பட்டென்று உட்கார்ந்து தார்ப்பாயை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

தெருவில் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது, தைத்து முடித்து நூலை ஒரே இழுப்பாக இழுக்கிற மாதிரி. சந்துகளெல்லாம் மூடிக்கொண்டன. இரண்டு கோழிகளும் வெளியே வந்து விழுந்து, இறக்கையை உதறிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போயின. தொட்டி மேலிருந்து பீர் முகமது பாயின் குரல் வந்தது.

"சேந்துருச்சு! முழுக்கோடு! கருப்பட்டி நெறம் தெரியுது, கடுகளவு!"

பேச்சி அடுப்போடு ஓடிவந்தாள். ஓடும்போதே, "முழுசா ஒரு வார்த்தை இந்த வாயிலருந்து வர இத்தனை வருசம் ஆயிருக்கு. அதுவும் தங்கச்சிக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். ஆனால் சட்டியை வைக்கும்போது மாசானத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவர் காப்பி நல்லாருக்கு என்று சொன்ன நாளில்கூட அவள் அப்படிச் சிரித்ததில்லை.

நாலு மூன்று முக்கில் பால் வைத்தார்கள். விளிம்பு வரை வந்தது. எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை திரும்பவில்லை. பொங்கி, அடுப்பில் வழிந்து, மூன்று கோட்டின் மேலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடியது. கோமதியம்மாள் குலவை போட்டாள். உலகநாதன் மைக் இல்லாமலே "மூணு" என்றான்.

புதன்கிழமை பந்தக்கால் நட்டார்கள். கல்யாணம் நன்றாக நடந்தது. ஒரே புள்ளிதான் இடம் என்பதால் சாப்பாட்டுப் பந்தியைப் பக்கத்துத் தெருவில் வைத்துக்கொண்டார்கள்.

குடியிருக்கிற இடம் கடுகளவு. ஒரு கடுகை வைக்கலாம். இரண்டாவது கடுகை வைத்தால் அது ரசத்துக்கு அந்தப் பக்கம் போய்விடும், அல்லது வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிடும், அல்லது அண்ணனுக்குக் கேட்காது. கொத்தனார் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"கிழக்க வடக்கன்னுதான் சொல்லியிருக்கீக. மேல போறதப்பத்தி யாராச்சும் எதாச்சும் சொன்னீகளா?" என்று கேட்டார்.

"நான் சொல்லல" என்றாள் கோமதியம்மாள். பேச்சியும் சொல்லவில்லை. மாசானமும் சொல்லவில்லை.

அப்புறமென்ன. மேலே கட்டினார்கள். ஒரு மாடிக்கு ஒரு சாமான். கீழே அடுப்பு, அதற்கு மேல் அம்மி, அதற்கு மேல் தண்ணீர்க்குடம், அதற்கு மேல் மைக்செட்டுப் பெட்டி. கட்டிலை நிமிர்த்தி வைத்தார்கள். அதற்கும் மேலே, வெயில் நன்றாகப் படுகிற இடத்தில், முருங்கை. உள்ளே போகும்போது மூச்சை இழுத்துக்கொண்டால் போதும். நாலு நாளில் பழகிவிட்டது. உலகநாதன் வெளியூர் விசேஷத்துக்குக் குழாய் கட்டப் போய்வந்தால் வாசலில் நின்று முதலில் மூச்சை இழுப்பான். பிறகுதான் செருப்பைக் கழற்றுவான்.

வீடு தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் போய்விட்டது. பீர் முகமது பாய் காலையில் மோட்டார் போட ஏறும்போது வடிவு ஜன்னல் வழியாக அவருக்கு ஒரு டம்ளர் டீயை நீட்டுவாள். பாய் குடித்துவிட்டு, நிறம் நன்றாக இருக்கிறது, வெளுக்கவில்லை என்று சொல்லி டம்ளரைத் திருப்பிக் கொடுப்பார். மத்தியானம் கோமதியம்மாள் தூக்குவாளியோடு வருவாள். ஏழு தெருவும் சரியாக நடந்து வந்து கயிற்றில் வாளியைக் கட்டுவாள். மேலே போவது கிழக்கிலும் சேராது, வடக்கிலும் சேராது என்பதால் எத்தனை மாடி போனாலும் ரசம் ஆறவில்லை.

தினமும் காலையில் பாகு கிண்டக் கிளம்புவதற்கு முன்னால் வடிவு மொட்டைமாடிக்குப் போய் முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கிழக்கே பார்த்து, "அண்ணே!" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அவ்வளவு உயரத்திலிருந்து சொல்வதால் அது உடனே போய்ச் சேராது. வேப்பஞ்சருகு மாதிரி ஆடி ஆடி, ஒவ்வொரு மாடியாகத் தாண்டி, மெதுவாகக் கீழே இறங்கும். வடிவு வேலைக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கும்போதும் அது மூன்றாவது மாடிப் பக்கம் இறங்கிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் மாசானம் ஒரு சின்னத் தார்ப்பாயைக் கொண்டுவந்து வீட்டடியில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒரு முனையைப் பேச்சி பிடித்துக்கொள்வாள். அந்தச் சத்தம் மெத்தென்று வந்து விழும். மாசானம் குனிந்து எடுத்துத் தொட்டுப் பார்ப்பார். சூடாக இருக்கும். பாதியைப் பிட்டுப் பேச்சியிடம் கொடுத்துவிட்டு, மீதியைக் காதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடப்பார்.